மலை ஊர் ஸ்டேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். பாதி சர்வீஸ் மலை ஸ்டேஷன்களில் போனது. கடைசி பஸ் சாயங்காலமே இறங்கிவிடும் ஊர்கள். ஓய்வுக்குப் பிறகும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் ஜனங்கள் என்னிடம் கேட்பது அதே பத்துப் பதினைந்து சந்தேகங்களைத்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் தொண்டை மிச்சம் என்று உட்கார்ந்தேன். சட்டப் பிரிவுகள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதுச் சட்டங்களின்படி.

சின்ன ஊர்தானே சார், அங்க என்ன பெரிசா குற்றம் நடந்துடப் போகுது?

ஆடு திருட்டு, வரப்புத் தகராறு, குடித்துவிட்டு அடிதடி, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, கள்ளச்சாராய ஊறல், காதலித்து ஓடிப்போன பிள்ளைகள், அப்புறம் சந்தேக மரணம். பட்டியல் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருபது வருஷப் பகை இருக்கும். வரப்பை அரை அடி தள்ளிப் போட்டதற்கு வெட்டு விழுந்தது என்று பேப்பரில் வரும். அரை அடிக்காக யாரும் வெட்டுவதில்லை. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் தொடங்கிய கணக்கு அது.

ஸ்டேஷனில் ஆள் இருக்கிறதா என்பது வேறு கதை. ஒருவர் பாராவில், ஒருவர் கோர்ட்டுக்கு, ஒருவர் கீழே திருவிழா பந்தோபஸ்துக்கு, ரைட்டர் எழுத்து வேலையில். மிச்சம் இருப்பவர்தான் மலை முழுவதற்கும் போலீஸ்.

எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே, அப்போ ஆளைப் பிடிக்கிறது சுலபம்தானே?

ஆளைத் தெரிந்துகொள்வது சுலபம். பொழுது சாய்வதற்குள் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், எங்களுக்கும் தெரிந்துவிடும். கோர்ட்டில் நிற்கும்படி அதை மாற்றுவதுதான் வேலை. டவுன் போலீஸுக்கு ஆள் யாரென்று தெரியாது, கிடைத்தால் சாட்சி கிடைக்கும். எங்களுக்கு ஆள் தெரியும், சாட்சி கிடைக்காது. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு குக்கிராமத்தில் நாலு ஆடு காணாமல் போனது. விசாரிக்கப் போனபோது மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டை எதேச்சையாகத் திறந்து வைத்திருந்தார். மூன்று மாதமாக ஏறிக்கொண்டே போன ஒருவர் கணக்கு, முந்தின நாள் குறுக்குக் கோடு போட்டு அடிபட்டிருந்தது. கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. நோட்டை மூடவும் இல்லை. எனக்கு அது போதும், நீதிமன்றத்துக்குப் போதாது. கடனை அடைத்தது குற்றமா? கேஸ் நின்றது அடிவாரச் சந்தையில். ஆட்டை வாங்கிய வியாபாரி ஆளை அடையாளம் காட்டினார், விற்காமல் மிஞ்சிய ஒரு ஆட்டின் காது வெட்டு புகார்தாரர் சொன்னதோடு ஒத்துப்போனது. கடன் நோட்டு வழக்கில் எங்கேயும் வரவில்லை.

புகார் கொடுக்க மலை இறங்கித்தான் ஆகணுமா? போன்ல சொன்னா எடுத்துக்க மாட்டாங்களா?

அவசரம் என்றால் 112. புகாரை வாய்மொழியாகச் சொல்லலாம். எழுதிக்கொள்வது போலீஸ் வேலை, எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மின்னணு முறையிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். இது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்களும் இதனுடையவைதான்.

அதே பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அங்கேயே பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். மலையின் ஒரு சரிவு ஒரு ஸ்டேஷன், மறு சரிவு இன்னொன்று என்று இருக்கும் இடங்களில் இது பெரிய உபகாரம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிட்டாங்க. அதுவும் எஃப்.ஐ.ஆரும் ஒண்ணுதானே?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் ஒரு இடைவெளி உண்டு. மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம்.

அதற்கும் மேல் இழுத்தடித்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு. நான் துறைக்காரன்தான், இருந்தும் சொல்கிறேன்: சி.எஸ்.ஆர். கொடுத்து ஆறப்போடுவது எங்களிடம் இருக்கும் பழைய வியாதி.

யார் செஞ்சாங்கன்னு தெரியாம புகார் கொடுத்தா கேஸ் நிக்குமா?

தாராளமாக நிற்கும். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். கேஸைக் கெடுப்பது அதிகமான பெயர்கள். அடித்தவன் ஒருவன், புகாரில் அவன் அண்ணன், தம்பி, மாமனார், ஊரிலேயே இல்லாத மச்சான் என்று ஏழு பேர். மச்சான் அன்று திருப்பூரில் வேலையில் இருந்தது நிரூபணமானதும், அந்த ஒரு பொய் நிஜமாக அடித்தவனையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். பங்காளிச் சண்டைகளில் இதை எத்தனை தடவை பார்த்தாயிற்று.

போலீஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகுது. அதுவரைக்கும் நாங்க என்ன செய்யணும்?

உயிர் இருந்தால் சட்டம், தடயம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தூக்குவதற்கு முன் கிடந்த கோலத்தை யாராவது போனில் ஒரு படம் எடுத்தால் போதும். கயிற்றில் இருந்தால் முடிச்சை அவிழ்க்காதீர்கள், முடிச்சுக்குத் தள்ளி அறுங்கள். முடிச்சு பேசும்.

உயிர் இல்லை என்பது உறுதி என்றால் எதையும் தொடாதீர்கள். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். சாவு என்றதும் பெண்கள் தரையைக் கழுவி, சாணி தெளித்துவிடுவார்கள். மரியாதைக்காகச் செய்வது, அதில் பாதிக் கேஸ் போய்விடும். நான் பார்த்ததில் கெட்டிக்கார மனிதர் ஒரு தலையாரி, அதாவது கிராம உதவியாளர். மழை தூறத் தொடங்கியதும் வாசலில் கிடந்த அலுமினியச் சட்டி, முறம், பிளாஸ்டிக் கூடை எல்லாவற்றையும் எடுத்து ஈர மண்ணில் இருந்த ஒவ்வொரு காலடித் தடத்தின் மேலும் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் தடியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது பதினோரு பாத்திரங்கள். ஒன்பதின் கீழ் இருந்த தடங்கள் வேடிக்கை பார்க்க வந்த அவர் ஊர்க்காரர்களுடையவை. மிச்சம் இரண்டு போதுமானதாக இருந்தது.

தற்கொலைன்னு ஊரே ஒத்துக்குது. எதுக்கு போஸ்ட்மார்ட்டம், அலைச்சல்? அடக்கம் பண்ணிடலாமே?

கூடாது. இயற்கையல்லாத எந்தச் சாவுக்கும் 194-வது பிரிவின்படி பிரேத விசாரணை உண்டு. பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை மேலே போக வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் சேரும். அலைச்சல் நிஜம்தான். ரோடு இல்லாத ஊரிலிருந்து டோலி கட்டி உடலை இறக்கியிருக்கிறோம், நானே தோள் கொடுத்திருக்கிறேன்.

ஊர் ஒத்துக்கொள்கிறது என்பதுதான் என்னை எப்போதும் உஷாராக்கும். ஒரு விஷயத்தில் ஊர் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொன்னால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புதைத்த உடலைத் தோண்டிப் பார்க்கலாம். எரித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. "சீக்கிரம் எரிச்சிடலாம்" என்று அவசரப்படுபவர் யார் என்று கவனியுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்துல பேசி அபராதம் கட்டியாச்சு. இனிமே போலீஸ் எதுக்கு?

தண்ணீர் முறை, மாடு மேய்ந்த நஷ்டம், பாதைத் தகராறு இதையெல்லாம் பெரியவர்கள் பேசி முடித்தால் எனக்கு வேலை மிச்சம். சின்ன அடிதடிகளில்கூடச் சட்டமே ராஜிக்கு இடம் தருகிறது. எது ராஜிக்கு உரியது என்று பி.என்.எஸ்.எஸ். 359-ல் பட்டியலே இருக்கிறது.

கொலை, பாலியல் குற்றம், சாதியை வைத்து நடந்த கொடுமை, குழந்தை சம்பந்தப்பட்டது — இவற்றில் பஞ்சாயத்துக்கு வேலையே இல்லை. போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே தனிக் குற்றம். "பெண்ணை அவனுக்கே கட்டி வைத்துவிட்டோம்" என்று பெருமையாக வந்து சொல்வார்கள், சொன்னவர்கள் பெயரும் குற்றப்பத்திரிகையில் ஏறும். கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது. அது தமிழ்நாட்டு வழக்கு என்பதை மறக்க வேண்டாம்.

திருடனைக் கையும் களவுமா பிடிச்சு மரத்துல கட்டி வெச்சிருக்கோம். ரெண்டு தட்டு தட்டினா தப்பா?

பிடித்தது சரி. கண் முன்னால் ஜாமீன் இல்லாத குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். 40-வது பிரிவு. தட்டியது தப்பு. ரெண்டு தட்டு என்று தொடங்கும், கடைசித் தட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஆடு திருட்டு கேஸில் புகார்தாரராக இருந்தவர் சாயங்காலம் கொலைக் கேஸில் குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆளாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருட வந்தவனும் பக்கத்து மலைக்காரன்தான்.

அவனே ஒத்துக்கிட்டானே சார், அப்புறம் எப்படி விடுதலை ஆனான்?

போலீஸிடம் ஒத்துக்கொண்டது நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவிலும் அப்படித்தான். ஏன் என்று உங்களுக்கே தெரியும், நாங்கள் வாங்கிய விதம் அப்படி. செல்லுபடியாகும் ஒரே பகுதி, அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளை எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த வார்த்தைகள் மட்டும். அரிவாளைக் கிணற்றில் போட்டேன் என்றால், அரிவாள் கிணற்றில் கிடைத்தால், அது. வெட்டினேன் என்பது சேராது.

அரிவாளை எடுத்ததை எழுதும் பத்திரமான மகஜரில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சி வேண்டும். அங்கேதான் மறுபடி இரண்டாம் கேள்வியின் பதிலுக்கு வருகிறோம். ஊரில் யாரும் போட மாட்டார்கள். வி.ஏ.ஓ.வும் தலையாரியும் போடுவார்கள். எல்லா வழக்கிலும் அதே இரண்டு பேர் என்றால் வக்கீல் சும்மா விடுவாரா? இப்போது 105-வது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். இளைஞர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். என் காலத்தில் இருந்திருந்தால் நாலைந்து கேஸாவது பிழைத்திருக்கும்.

வி.ஏ.ஓ. கிட்ட சரண் அடைஞ்சு வாக்குமூலம் கொடுத்தான்னு பேப்பர்ல வருதே, அது செல்லுமா?

செல்லலாம். வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை, எனவே மேலே சொன்ன தடை அவருக்குப் பொருந்தாது. ஆனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி: முன்பின் பழக்கமில்லாத ஒரு அதிகாரியிடம் போய் ஒருவன் ஏன் மனம் திறந்தான்? நியாயமான கேள்வி. உண்மையாகவே போனவர்களும் உண்டு, வெளியே நின்றால் எதிர்த் தரப்பு வெட்டிவிடும் என்ற பயத்தில். ஸ்டேஷனில் எழுதி வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பிறந்த வாக்குமூலங்களும் உண்டு. எது எது என்று தேதியையும் நேரத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாட்சி சொன்னா நாளைக்கு நான் இந்த ஊர்ல எப்படி சார் வாழறது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெண்கள், 15 வயதுக்குள் உள்ளவர்கள், 60 தாண்டியவர்கள், உடம்பு முடியாதவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். பின்னால் மாற்றிப் பேச நெருக்கடி வரும் என்று தெரிந்தால் 183-ன் கீழ் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவு செய்யலாம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் இருக்கிறது, அதில் வேறு ஊருக்கு மாற்றுவது வரை உண்டு. ஆனால் ரெண்டு ஏக்கர் மானாவாரியும் நாலு மாடும் உள்ளவரை எங்கே மாற்றுவது?

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று. சாட்சி வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தாதே. எனக்கு ஒரு ஏட்டையா கற்றுக்கொடுத்தது: தெருவில் இருபது வீடு இருந்தால் இருபது கதவையும் தட்டு, ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிஷம் உட்கார், எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடி. பதினான்காம் வீட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தாலும் பதினைந்தாம் வீட்டுக்குப் போ. வயிறு உப்பிவிடும். ஆனால் யார் சொன்னது என்று ஊருக்குத் தெரியாது. ஜீப் அனுப்பி ஒரே ஒருவரைக் கூட்டி வரும் எஸ்.ஐ., அன்றைக்கே ஒரு பிறழ் சாட்சியைத் தயார் செய்துவிட்டார்.

காக்கியைப் பார்த்தாலே மலை ஜனங்க ஓடறாங்க. தப்பு செஞ்சதாலதானே?

இல்லை. 1992 ஜூன் 20-ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி கிராமத்துக்குச் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து போனது. வீடுகளைச் சூறையாடி, ஜனங்களை அடித்து, 18 பெண்களைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 2011-ல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் போனது முப்பது வருஷம். அந்த வட்டாரத்தில் ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் எனக்குக் கோபம் வராது.

ஓடுகிறவர் பின்னால் ஓடாமல், தலையாரியையோ ஊர்ப் பெரியவரையோ முன்னால் அனுப்பிவிட்டு, நான் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரம் ஆகும். வருவார்கள்.

மோப்ப நாய், செல் டவர் எல்லாம் அங்க வேலைக்கு ஆகுமா?

டவர்? சில மலைகளில் இருப்பதே ஒரு டவர். சம்பவ நேரத்தில் ஆள் மலையில் இருந்தார் என்று காட்டும், ஊரே மலையில்தான் இருந்தது. யார் யாருக்குப் பேசினார் என்பது உதவும். நாய் வழி காட்டும், நாயை மட்டும் வைத்துத் தண்டனை வாங்க முடியாது. அதுவும் ஊர்க் கூட்டம் மிதிப்பதற்கு முன் வந்தால்தான். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் மலை ஏறும் வரை தடயத்தைக் காப்பது அந்தத் தலையாரி மாதிரி ஆட்கள்தான்.

போலீஸ்காரர் அந்த ஊர்க்காரராவே இருந்தா நல்லதில்லையா?

பாஷை தெரியும், பாதை தெரியும், எந்த நாய் கடிக்கும் என்று தெரியும். ஆனால் அவருக்கும் அந்த ஊரில் மாமன் மச்சான் உண்டு. என் கணக்கில், ஊரறிந்த கான்ஸ்டபிள் ஒருவரும் ஊருக்குச் சம்பந்தமில்லாத அதிகாரி ஒருவரும் சேர்ந்தால் சரியான ஜோடி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர்தான் புலனாய்வு செய்ய வேண்டும் என்று வைத்திருப்பதில் இந்த நியாயமும் இருக்கிறது. வெளியாளாக இருந்தாலும் வருஷம் போகப் போக நீங்களும் ஊராகிவிடுவீர்கள். பல ராத்திரி சோறு போட்ட வீட்டுப் பையனுக்கு நான் விலங்கு மாட்டினேன். அந்த அம்மா அன்றும் "சாப்ட்டியா சாமி" என்றுதான் கேட்டார்.

ஆள் சிக்கலைன்னா கேஸ் அவ்வளவுதானா?

கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை போட்டு முடிப்பார்கள், புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபிக்கலாம். புதிதாக ஏதாவது கிடைத்தால் மேல் விசாரணைக்குத் தடையில்லை. அதற்கு முன்னரே, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம். சொல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

நீங்க கண்டுபிடிக்காம விட்ட கேஸ் ஏதாவது இருக்கா சார்?

கண்டுபிடித்து, நிரூபிக்காமல் விட்டது இருக்கிறது. ஒரு பெரியவர் பலா மரத்தடியில் இறந்து கிடந்தார். மரத்திலிருந்து விழுந்தார் என்றது ஊர், எல்லாரும் ஒரே வாக்கியம். அவர் வேட்டி மடித்துக் கட்டாமல் கணுக்கால் வரை தழையத் தழைய இருந்தது. அப்படி யாரும் பலா மரம் ஏற மாட்டார்கள். போஸ்ட்மார்ட்டமும் விழுந்த காயம் இல்லை என்றது. பார்த்தவர்கள் மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். இருபது வீட்டிலும் தண்ணீர் குடித்தேன், நாலு தடவை. யாரும் பேசவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அடிவார பஸ் ஸ்டாண்டில் அந்த மூன்று பேரில் ஒருவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. நலம் விசாரித்துவிட்டு, காட்டு வேலை, மழை எல்லாம் பேசிவிட்டு, "அந்தப் பலாமரத்துக் கேஸ் இன்னும் இருக்குங்களா?" என்றார். "ஃபைல் இருக்கு. புதுசா யாராவது சொன்னா எடுப்பாங்க" என்றேன். மலை பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினார், ஏறிப் போய்விட்டார். என் போன் நம்பரை ஒரு பீடிக் கட்டுக் காகிதத்தில் எழுதி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.